சரித்தது நான்

என் நண்பனின் கால் எப்படி முறிந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், "பனி சரிஞ்சிடுச்சு" என்றே சொல்லிவந்தேன். பனி தானாகச் சரியவில்லை. சரித்தது நான்.

கொலராடோவில் இருக்கும் டோரீஸ் சிகரத்தின் உயரம் ஏறக்குறைய 4,350 மீட்டர். அதன் ஒரு பக்கத்தில், பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்குகிறது ஒரு பனிச்சந்து. டெட் டாக் கூல்வார் என்பார்கள். மேலே சரிவு ஏறக்குறைய 45 பாகை. கிழக்கு பார்த்த இடம் என்பதால் விடிந்ததுமே வெயில் விழும். வசந்தகாலத்தில், இரவு வானம் தெளிந்திருந்தால் பனி இறுகும். காலையில் மேல்தோல் மட்டும் இளகும் நேரம் பார்த்துச் சறுக்கிவிட வேண்டும். நேரம் தப்பினால் உள்ளே வரை ஈரம் இறங்கி, லேசாக மிதித்தாலே பிய்த்துக்கொண்டு போகும்.

நானும் என் நண்பனும் அங்கே பனிச்சறுக்குக்குப் போன நாளுக்கு முந்தைய இரவு மேகமூட்டம். பனி இறுகவே இல்லை. ஏறும்போதே பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தது. பிறகு முழங்கால் வரை. சுவரோரத்திலிருந்து பனி உருண்டைகள் கழன்று எங்களைத் தாண்டி உருண்டன. இதெல்லாம் எச்சரிக்கை என்று பனிச்சரிவு வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருவார்கள். அந்த வகுப்பில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

"திரும்பிடலாம்டா. சரியாப் படல."

"இவ்ளோ தூரம் வந்தப்புறமா? இன்னும் அரை மணி நேரம்தான் மச்சான்."

தெரியாமல் சொல்லவில்லை. ஆபீசில் பீற்றிக்கொண்டு வந்திருந்தேன். அவன் முன்னால் பயந்தவனாகத் தெரியவும் பிடிக்கவில்லை. இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

உச்சியை அடைந்தபோது மணி பத்து தாண்டிவிட்டது. ஒருவர் இறங்கி, பாறை மறைவில் ஒதுங்கி, கம்பைத் தூக்கிக் காட்டிய பிறகே மற்றவர் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பேச்சு. அவன் முதலில் இறங்கினான். வளைவில் மறைந்தான். கம்பு தெரியவில்லை. காத்திருந்தேன். காலடியில் பனி இளகிக்கொண்டே இருந்தது. பயம் வந்தது. அவனுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் இல்லை அது. இன்னும் நின்றால் நான் மாட்டிக்கொள்வேனே என்ற பயம். கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது திருப்பத்தில் ஸ்கீயின் ஓரம் அழுந்தியதும், ஒரு புள்ளியில் பனி பிய்ந்தது. விசிறியாக விரிந்தது. சந்துக்குள் சேர்ந்து இறங்கியது. பெரிய வேகம்கூட இல்லை, கனம்தான். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் ஒதுங்க இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு வரை புதைந்து கிடந்தான். வலது காலில் ஸ்கீ கழன்றிருக்கவில்லை. பனியைத் தோண்டினேன். பூட்ஸின் முனை பின்பக்கம் திரும்பியிருந்தது.

தூக்கிப்போக வந்தவர்கள் காசு வாங்காத தன்னார்வலர்கள். அவர்களும் வெயிலில் இளகிய அதே சுவர்களுக்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அவர்களையும் நான்தான் அங்கே வரவைத்தேன்.

காலில் பிளேட் வைத்தார்கள். மாடியேற முடியாமல் மாதக்கணக்கில் ஹால் சோபாவில் படுத்தான். மகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்க இன்றும் தயங்குகிறான். மருத்துவமனையில் அவன் மனைவி, "நீங்க கூட இருந்ததாலதான் அண்ணா அவர் உயிரோட இருக்கார்" என்றாள். தலையாட்டினேன். வாயைத் திறந்து மறுக்க ஒரு நொடி போதும். செய்யவில்லை.

மாநிலப் பனிச்சரிவு மையத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் 'தானாகச் சரிந்தது' என்று எழுதினேன். இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துத்தான் மற்றவர்கள் மலைக்குப் போகலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடமும் பொய் சொல்லியிருக்கிறேன்.

இப்போது திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டேன். நண்பன் வீட்டுக்குப் போய்க் கணவன், மனைவி இருவரிடமும் நேரில் சொன்னேன். அவன், "கம்பைக் காட்டறதுக்குள்ள வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். இனி அவள் என்னோடு பேசாவிட்டால் அதில் தவறே இல்லை.