அந்தாதியும் அக்காள் மகளும்

சென்னையிலிருந்து தெற்கே இரவுப் பேருந்தில் சென்றவர்களுக்கு எங்கள் ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூக்கத்தை உலுக்கிக் கலைக்கும் மோட்டல் பாட்டுச் சத்தம்தான் பலருக்கு விக்கிரவாண்டி. ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதில் சிறிது வெட்கமும் உண்டு. சென்ற மாதம், வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அப்படியொரு மோட்டலில் வண்டி நின்றது. நான் இறங்கவில்லை. காதில் ஹெட்போனுடன் அக்காள் மகளின் ‘மினிமல் மிக்ஸ்’ ஒன்றைக் கேட்டபடி அமர்ந்திருந்தேன்.

அவள் பகலில் கணினிப் பொறியாளர். சில வார இறுதி இரவுகளில், சிறிய அரங்குகளில் ஐம்பது அறுபது பேருக்கு மின்னணு இசை வாசிக்கிறாள். திரைப்பாடல் கிடையாது, விளம்பரமும் கிடையாது. டிஜே என்றால் கல்யாண மண்டபத்தில் குத்துப்பாட்டு ஒலிக்கவிடுபவர் என்பதே அக்காளின் எண்ணம். வரன் பார்க்கும் நேரம் வேறு. “நீதான்டா அவளுக்கு எடுத்துச் சொல்லணும்” என்று என்னை அனுப்பியிருந்தாள்.

போனேன், சொன்னேன். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவது இசையா என்றும் கேட்டேன். அவள் வாதாடவில்லை. “ஒருமுறை முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க மாமா” என்று ஒரு மணிநேரப் பதிவைக் கைபேசியில் ஏற்றித் தந்தாள்.

அச்சிறுபாக்கம் தாண்டித் தொடங்கினேன். முதல் கால் மணிநேரம் ஒன்றும் நிகழவில்லை. நிமிடத்துக்கு நூற்றிருபத்தைந்து முறை ஓர் அடி, அவ்வளவே. திண்டிவனம் நெருங்குகையில்தான் கவனித்தேன், அடிகளுக்கு நடுவே மெல்லியதொரு சரசரப்பு எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. அது எப்போது வந்தது என்று யோசிப்பதற்குள் வேறொன்று விலகிவிட்டது. இரண்டு இசைத் துண்டுகளின் வேகத்தைச் சமமாக்கி ஒருசேர ஓடவிட்டு, ஒன்றின் அடித்தொனியைத் தணித்தபடியே மற்றதன் அடித்தொனியை ஏற்றவேண்டும், தையல் தெரியக்கூடாது என்று அவள் விளக்கியிருந்தாள். ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கம்.

இதை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள். இறுதிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தைச் சென்று தொடும். திரும்ப வரும் சொல் முன்பு வந்த அதே சொல் அல்ல என்று மாணவர்களிடம் அழுத்திச் சொல்பவன் நான். பேருந்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

நடத்துநர் தோளைத் தட்டியபோது பத்து நிமிடம் மீதியிருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்த இசைக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கும் என்ன உறவு என்று அக்காள் கேட்பாளே எனத் தேடியபோதுதான் கீதா சாராபாயைக் கண்டடைந்தேன். விக்ரம் சாராபாயின் தங்கை. கேப்டன் லட்சுமியின் தங்கை மிருணாளினி இவருக்கு அண்ணி. ஆகவே சென்னைக்குச் சம்பந்தி வீடு. பெண்கள் தொடாத பக்காவாஜைப் பயின்றவர். 1946இல் நியூயார்க் சென்று ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசையைக் கற்றார். மனத்தை அடக்கி அமைதிப்படுத்துவதே இசையின் பயன் என்று தன் ஆசிரியரிடமிருந்து தான் பெற்றதைக் கேஜிடம் சொன்னவர் இவரே. கேஜின் வழியையே அது மாற்றியது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவியபோது, அதில் இசையமைத்தவர்களுள் கீதாவும் ஒருவர். டெட்ராய்ட்டின் ராபர்ட் ஹூட் ‘மினிமல் நேஷன்’ வெளியிட்ட 1994க்குக் கால் நூற்றாண்டு முன்பு! அந்த ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் மீட்டெடுத்து, இசைத்தொகுப்பாக வந்தது 2023இல். கீதா 2011லேயே மறைந்துவிட்டார்.

காலையில் அக்காள் அழைத்தாள்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“கேட்கச் சொன்னா.”

“சரி, கேட்டியா?”

“இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்குக்கா. முடிவு முதலுக்குத் திரும்புதான்னு பார்க்கணும்” என்றேன். அக்காள் ஒன்றும் விளங்காமல் போனை வைத்துவிட்டாள்.