அமிர்தியைத் திருப்பி எழுதினால்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் போய், கணியம்பாடியில் பிரிந்தால் அமிர்தி வரும். 25 கிலோமீட்டர் இருக்கும். ஜவ்வாது மலையின் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வனவிலங்குப் பூங்காவுக்கும் அருவிக்கும் வருகிறவர்களின் வண்டிகள் வரிசையாகப் போகும். நான் அந்த வரிசையிலிருந்து விலகி, பூங்காவுக்கு முன்னாலேயே ஓர் ஓட்டு வீட்டில் இறங்கிக்கொண்டேன். அங்கே நான்கு பேர் கூடி, தமிழில் நிரல் எழுதும்போது வரும் வழுக்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வீட்டுக்காரர் மென்பொருள் நிறுவன ஊழியர். ஊரடங்குக் காலத்தில் ஊர் திரும்பியவர் இங்கிருந்தே வேலை பார்க்கிறார். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் பிரிவில் கணினியில் வேலை செய்யும் பெண் ஒருவர். வேலூரில் பொறியியல் படிக்கும் மாணவர். பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியின் தமிழாசிரியை. நான்கு பேருக்கும் இதில் சம்பளம் கிடையாது. கட்டற்ற மென்பொருள் உலகத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளால்தான் நிற்கிறது என்பதை, அதைப் பயன்படுத்தும் நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

அவர்கள் கையில் வைத்திருப்பது எழில். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி. 2009-இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அவர் வெளியிட்டார். பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. மூலநிரல் யாருக்கும் திறந்தது. அதோடு பிறந்த ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு, தமிழ் எழுத்துகளைக் கணினி சரியாகக் கையாள உதவுவது.

ஷூ கம்பெனிப் பெண் தன் வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எழுதி வைத்திருந்தார். தோலை வெட்டுவதற்கு முன் உண்ணிக் கடி, கீறல், தழும்பு எல்லாம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள் அல்லவா, அதுதான்:

@( தழும்பு > 3 ) ஆனால்
    பதிப்பி "இரண்டாம் தரம்"
இல்லை
    பதிப்பி "முதல் தரம்"
முடி

உலகின் பெரும்பாலான நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும். நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முன்னால், "ஆனால்" பின்னால். தமிழ் வாக்கியம் நடக்கிற நடை அது. மழை பெய்தால் என்றுதான் சொல்கிறோம். "ஆல்" முன்னால் வந்து நிற்பதில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே எழிலை நான் மதிக்கிறேன். ஆங்கிலக் குறிச்சொற்களைத் தமிழ்ச் சொற்களாக மாற்றி அதே இடத்தில் வைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அதற்கொரு விலை உண்டு, அந்த @ குறி. நிபந்தனை முதலில் வருவதால், வரப்போவது நிபந்தனையா வெறும் கணக்கா என்று மொழிக்கு முன்கூட்டியே சொல்ல ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. மாணவருக்கு அது பிடிக்கவில்லை.

"எதுக்கு சார் இது? வரி முடியிற வரைக்கும் படிச்சிட்டு, கடைசியில 'ஆனால்' இருக்கான்னு பார்த்தா போதாதா? ஃபோர்த்ங்கிற நிரல்மொழியில ரெண்டு, மூணு, அப்புறம்தான் கூட்டல் குறி. எல்லாமே கடைசியிலதான் வருது. 1970லயே இருந்திருக்கு."

வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. "தம்பி, ஃபோர்த்தைப் படிக்கிறவன் தலையில எல்லாத்தையும் அடுக்கி வைச்சுக்கணும். இது எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு. பிள்ளை 'முடி'யைப் போட மறந்துட்டா, தப்பு எந்த வரின்னு சொல்லணும். அடையாளம் இல்லைன்னா நீ பத்து வரி தள்ளிக் காட்டுவ."

இருவரும் விசைப்பலகையை மாற்றி மாற்றி இழுத்தார்கள். அந்த விவாதம் அன்று முடியவில்லை. முடியாததில் வியப்பும் இல்லை. பைத்தானில் ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பு கொடுக்க ஒரு புதுக்குறி வேண்டுமா என்ற சண்டை எவ்வளவு கடுமையாக நடந்தது என்றால், 1991 முதல் அம்மொழியை நடத்திவந்த கைடோ வான் ராசம், அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்ட கையோடு 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார். கேள்வியே ஒரு முக்காற்புள்ளியும் ஒரு சமக்குறியும் பற்றியதுதான். பல லட்சம் பேர் தினமும் எழுதுகிற மொழியில் ஒரு குறி என்பது, ஊர்ப் பொதுவழியில் ஒரு திருப்பம் மாதிரி. எல்லோர் காலும் அதில் படும்.

ஆனால் அன்று என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது தொடரியல் அல்ல, வழுக்கள். ஆசிரியைதான் முதலில் காட்டினார். பைத்தானில் "அமிர்தி" என்று எழுதி, எத்தனை எழுத்து என்று கேட்டார். 7 என்றது. அ, மி, ர், தி என்று நான்குதானே? கணினிக்கு ஒருங்குறி முறையில் அ, ம, இகரக் குறி, ர, புள்ளி, த, இகரக் குறி என ஏழு துண்டுகள். அப்புறம் அதே சொல்லைத் திருப்பி எழுதச் சொன்னார். தி, ர், மி, அ என்று வர வேண்டும். வந்ததோ வேறு: ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத ஓர் இகரக் கொக்கி முதலில், பிறகு "த்ரிமஅ". ரகரத்தின் புள்ளி தகரத்தின் தலையில் ஏறிவிட்டது; மகரத்தின் கொக்கி ரகரத்துக்குப் போய்விட்டது.

ஓப்பன்-தமிழ் இதைத் தீர்த்துவிட்டது. சொல்லை முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்கிறது. அதன்பின் எண்ணினாலும் திருப்பினாலும் சரியாக வருகிறது. "பிள்ளைங்க முதல்ல செஞ்சு பார்க்கிறதே பேரைத் திருப்பிப் போடுறதுதான்" என்றார் ஆசிரியை. "அதுவே தப்பா வந்தா, தமிழ்ல இதெல்லாம் ஆகாதுன்னு முடிவு பண்ணிடுவாங்க."

அடுத்தது வரிசை. பவளம், பழம், பள்ளி. அகராதியில் இந்த மூன்றும் இந்த வரிசையில்தான் வரும். வ, ழ, ள என்பதுதான் நம் நெடுங்கணக்கு. கணினியை அடுக்கச் சொன்னால் பள்ளி, பழம், பவளம் என்று முற்றிலும் தலைகீழாக அடுக்குகிறது. காரணம் பழையது. ஒருங்குறியில் இந்திய எழுத்துகளுக்கான இடங்கள், இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு என்ற இஸ்கி முறையிலிருந்து வந்தவை. அந்த அச்சில் நகரத்துக்குப் பக்கத்தில் னகரம், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம், ளகரத்துக்குப் பக்கத்தில் ழகரம் என உட்கார வைத்தார்கள். தேவநாகரியில் இவை அடியில் புள்ளி வைத்த கூடுதல் எழுத்துகள். நமக்கோ தனித்தனி எழுத்துகள், தனித்தனி இடங்கள். நெடுங்கணக்கில் கடைசி எழுத்தான ன, கணினியில் பகரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது.

"அதுக்குத்தான் டேஸ் 16" என்றார் மாணவர். 247 எழுத்துக்கும் நம் வரிசையிலேயே தனித்தனி எண் தரும் குறியாக்க முறை அது. 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு அதையும் தரமாக ஏற்றது. வீட்டுக்காரர் தலையாட்டினார்: "நல்லதுதான். ஆனா உன் செல்போன்ல அது இருக்கா? என் போன்ல இருக்கா? உலகம் ஒருங்குறியில நிக்குது. அதுல இருந்துகிட்டுதான் சரி பண்ணணும்." இதில் நான் வீட்டுக்காரர் பக்கம்.

பிறகு வந்ததுதான் அன்றைய நீண்ட விவாதம். ஆசிரியையின் மாணவிகள் பட்டியலில் கௌரி என்ற பெயர் தேடலில் சிக்கவில்லை. திரையில் பெயர் கண்ணெதிரே இருக்கிறது. கணினி இல்லை என்கிறது. அவிழ்த்துப் பார்த்தால், தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பு போட்டு, ககரம் போட்டு, பின்னால் ளகரத்தையே போட்டிருக்கிறார். கெ, ள, ரி. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வௌவால், கௌதாரி எல்லாம் இணையம் முழுக்க இப்படித் தப்பாகத்தான் கிடக்கின்றன.

இதோடு பிறந்த இன்னொரு சிக்கல் எளிது. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறியே சொல்கிறது. இயல்பாக்கம் செய்தால் சரியாகிவிடும். பைத்தான் மாறிகளின் பெயர்களுக்குத் தானாகவே இதைச் செய்கிறது, மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களுக்குச் செய்வதில்லை. ஆனால் ளகரம் வேறோர் எழுத்து. அதை ஒருங்குறி தொடாது. தமிழ் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

மாணவர் ஒரு விதி எழுதினார். ஒற்றைக் கொம்புள்ள எழுத்துக்குப் பின் ளகரம் வந்து, அந்த ளகரத்துக்கு உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென்றால், இரண்டையும் சேர்த்து ஔகாரமாக்கு. வெள்ளம் தப்பித்தது, புள்ளி இருக்கிறது. தெளிவு தப்பித்தது. கெளுத்தி மீனும் தப்பித்தது. கௌரி திருந்தினாள். மாணவர் மகிழ்ந்துபோனார்.

ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நம்ம ஊர்ல கிழவியைக் கெளவின்னுதான் சொல்றோம். கதையில அப்படியே எழுதுறாங்க. உன் விதி அதை என்ன பண்ணும்?"

ஓட்டிப் பார்த்தார்கள். கிழவியைக் குறித்த பேச்சுச் சொல், பல்லால் கௌவியதாக மாறிவிட்டது. அடுத்து ஷூ கம்பெனிப் பெண் சொன்னார், "அக்கா, வெளயாட்டு? வெளஞ்ச நெல்லு?" இரண்டும் குலைந்தன. வட்டார வழக்கில் எழுதிய ஒரு நாவலை இந்த நிரலுக்குள் விட்டால் எத்தனை சொற்கள் நாசமாகும் என்று நினைத்துப் பார்த்தேன். விதியில் கணினி சார்ந்த பிழை எதுவுமே இல்லை. அது மிகச் சரியாக ஓடியது. பிழை மொழியறிவில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்ல, தமிழாசிரியை.

கடைசியில் தானாக மாற்றக்கூடாது, சந்தேகம் என்று கோடிட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். பெயர்ப் பட்டியல் என்றால் மட்டும் மாற்றலாமா என்பதைத் தள்ளிவைத்தார்கள்.

மதியத்துக்கு மேல் மாணவர் கோ மொழியைத் திறந்து காட்டினார். 2009-இல் கூகுளிலிருந்து வெளிவந்த, இன்று உலகெங்கும் புழங்கும் திறமூல மொழி. அதில் மாறிக்குப் "பல" என்று பெயர் வைத்தால் ஏற்கிறது. "தர" என்றால் ஏற்கிறது. "அமிர்தி" என்றால் மகரத்தின் கொக்கியிலேயே நின்று, இந்தக் குறி பெயருக்குள் வரக்கூடாது என்கிறது. எழுத்தும் எண்ணும் மட்டுமே பெயரில் வரலாம் என்பது கோவின் விதி. சேர்ந்து நிற்கும் குறிகளை வேண்டுமென்றேதான் விலக்கினார்கள், இதனால் தேவநாகரி போன்றவை வெளியே நிற்கின்றன என்பதை அம்மொழிக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு தொகுப்பிலிருந்து வெளியே தெரிய வேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. தமிழில் பெரிய எழுத்து ஏது? விதி எளிமையாக இருக்கட்டும் என்று எடுத்த முடிவு, புள்ளியும் கொக்கியும் இல்லாமல் பெரும்பாலான சொற்களை எழுத முடியாத மொழிகளை வாசலில் நிறுத்திவிட்டது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு இந்தக் குறிகளை அனுமதிக்கிறது. ஆகவே இது முடியாத காரியம் அல்ல. கேட்கிறவர்கள் போதவில்லை.

விசைப்பலகையிலும் அதே கதை. 1999-இல் வந்த தமிழ் 99 அமைப்பில் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் சகரமும் ஞகரமும் இருக்கின்றன. அரைப்புள்ளியில் நகரம், வகுத்தல் கோட்டில் ழகரம். கட்டுரை எழுத அருமையான அமைப்பு. நிரல் எழுதும்போது, இந்தக் குறிகள் வரும் வரிகளில் எல்லாம் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தாவ வேண்டியிருக்கிறது. பேட்டர்ன் பிரிவில் வேகமாக வேலை செய்து பழகிய அந்தப் பெண்ணே ஒரு வரியில் பலமுறை தாவித்தான் முடித்தார். இதற்கு யாரும் இன்னும் நல்ல தீர்வு சொல்லவில்லை.

தமிழில் நிரல் கற்ற பிள்ளை வேலைக்குப் போகும்போது ஆங்கில மொழிகளில்தானே எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அன்று கேட்டேன். "எழுதட்டும் சார்" என்றார் வீட்டுக்காரர். "முதல் படி ஏறத்தான் இது. ஆனா நாங்க பிடிக்கிற வழு எழிலோட நிக்காது. வங்கி, ரேஷன், பள்ளிக்கூடம், எல்லா இடத்துலயும் தமிழ்ப் பேரை அடுக்கணும், தேடணும், ஒப்பிடணும்." கௌரியின் பெயர் தேடலில் சிக்காமல் போனதைப் பார்த்த பிறகு, எனக்கு இதில் மறுவார்த்தை இல்லை.

இந்த வேலைக்குப் பொறியாளர்கள் மட்டும் போதாது. தமிழாசிரியர்கள், பிழை திருத்துவோர், அகராதி வேலை செய்தவர்கள், வட்டார வழக்கில் எழுதுவோர் எல்லோரும் வேண்டும். வழுவைத் தெரிவிக்க நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என்ன தட்டினீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதினால் போதும். எழில், ஓப்பன்-தமிழ் இரண்டின் மூலநிரலும் கிட்ஹப்பில் திறந்தே இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரில், உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கும் ஒரு சொல்லை இன்றே கொடுத்துப் பாருங்கள். தப்பாக வந்தால் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள்.