பத்து மணி டிகாஷன்

காபியைப் போட்ட உடனே குடிச்சிடணும். உலகத்துல எந்த மூலையில இருக்கிற காபி நிபுணரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். எங்க அம்மா குடிக்கிறது, போட்டு நாலு மணி நேரம் ஆன காபி! காலை ஆறு மணிக்கு வீட்ல கலந்து, பிளாஸ்க்ல ஊத்தி, பத்து மணிக்கு வேப்பமரத்தடியில உட்கார்ந்து குடிக்கிற காபி.

நடுவுல சூடு பண்ணிக்கலாமேன்னு கேக்காதீங்க பாஸ். அம்மா வேலை பார்க்கிறது பயராபீஸ்ல. வெளியூர்க்காரங்களுக்காக ஒரு குட்டி அகராதி: சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைன்னா பயராபீஸ், தீப்பெட்டித் தொழிற்சாலைன்னா தீப்பெட்டி ஆபீஸ். எங்க தெருவுல முக்கால்வாசிப் பேர் 'ஆபீஸ்' போறவங்கதான். ஏசி ரூம், சுத்துற நாற்காலின்னு கற்பனை பண்ணிடாதீங்க!

அந்த ஆபீஸ் கேட்ல பையைத் திறந்து காட்டணும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. சேலைகூட காட்டன்தான். பாலியஸ்டர்ல உரசல் மின்சாரம் வரும். அடுப்புங்கிற பேச்சுக்கே இடமில்லை. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மருந்து வேலையை முடிக்கப் பார்ப்பாங்க. அதனால வேன் விடியக்காலையிலேயே வந்துடும். அம்மாவுக்குப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. கையை எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் ரேகைக்குள்ள போன அலுமினியப் பவுடர் லேசா மினுங்கிட்டேதான் இருக்கும்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில நடந்த விபத்து உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். முப்பதுக்கும் மேல உயிர்கள். எனக்கு அப்போ ஏழு வயசு. அன்னைக்கு மதியம் எங்க தெருவே ரோட்டுக்கு வந்து வேன் வருதான்னு பார்த்து நின்னுச்சு. அம்மா வேற ஆபீஸ். சாயங்காலம் வந்துட்டாங்க. அதுக்கப்புறம் தினமும் அந்த வேன் சத்தம் கேக்குற வரைக்கும் வீட்ல யாரும் டிவி சவுண்டைக் கூட்டுறதில்லை.

காபி கதைக்கு வர்றேன். காலை ஆறிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அம்மாவுக்குன்னு கிடைக்கிறது அந்தப் பத்து மணிப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல அவங்க குடிக்கிற காபி எப்படி இருக்குன்னு ஒருநாள் கேட்டேன். "அது காப்பியா? சூடா ஏதோ தொண்டையில இறங்குது, அவ்வளவுதான்யா"ன்னாங்க.

அந்த வார்த்தை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் மதுரையில ஹாஸ்டல்வாசி. எங்க சீனியர் ஒருத்தர் பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து காபிப் பைத்தியம். செமஸ்டர் லீவுக்கு அவர்கிட்ட இருந்த அத்தனை சாமானையும் ஒரு பை நிறைய இரவல் வாங்கிட்டு வந்தேன். ஒரு வாரம் டெஸ்ட். நான் மாஸ்டர், அம்மா ஜட்ஜ். போட்ட உடனே குடிச்சா எது பெஸ்ட்டுங்கிற போட்டி இல்லை இது. பத்து மணிக்கு எது பெஸ்ட்?

முதல்ல பொடி. விருதுநகர்ல ஒரு காபிச்செடிகூடக் கிடையாது. ஆனா வத்தல், பருப்பு, எண்ணெய் வியாபாரத்தோட காபிக்கொட்டை, சிக்கரி வியாபாரத்துக்கும் பேர்போன ஊரு. திண்டுக்கல் பக்கம் தாண்டிக்குடி மலையில காபி விளையுது, கீழே பட்டிவீரன்பட்டியில அதைக் காயவெச்சுத் தோல் நீக்குறாங்க. அங்கேர்ந்து எங்க ஊர் ஒண்ணும் தூரமில்லை. விருதுநகர்ல வறுத்து அரைக்கிற கடை வாசல்ல நின்னா, முதல் கேள்வி "சிக்கரி எவ்வளவு?"

சிக்கரிங்கிறது ஒரு செடியோட வேர். காபிக்குச் சொந்தமே கிடையாது, கஃபீனும் கிடையாது. 1806-ல நெப்போலியன் இங்கிலாந்து வியாபாரத்தைத் தடுத்தப்போ பிரான்சுல காபிக்குத் தட்டுப்பாடு. அப்போ அங்கே பரவின பழக்கம். காபியைவிட அதிகமா தண்ணியில கரையும். அதனாலதான் டிகாஷன் கருகருன்னு கெட்டியா நிக்குது. நம்ம நாட்டுச் சட்டப்படி காபி - சிக்கரி கலவையில காபி குறைஞ்சது 51 சதவிகிதம் இருக்கணும். பாக்கெட்ல எழுதியிருக்கும், ஹாஸ்டல் பசங்க ஒருதடவை திருப்பிப் பாருங்க! 2024, 2025-ல காபிக்கொட்டை விலை உலகச் சந்தையில சாதனை உயரத்துக்குப் போனதுக்கு அப்புறம், எங்க வீட்டுப் பொடியில சிக்கரி கொஞ்சம் தாராளமாவே குடியேறிடுச்சு.

டெஸ்ட் ஆரம்பம். பிரெஞ்சு பிரஸ். பேர்தான் பிரெஞ்சு, 1929-ல காப்புரிமை வாங்கினவங்க இத்தாலிக்காரங்க. கண்ணாடி ஜாடி, கொரகொரப்பாப் பொடி, கொதிச்சு அடங்கின தண்ணி, நாலு நிமிஷம் கழிச்சு கம்பிவலையை அழுத்தணும். பால் இல்லாம குடிச்சா அருமையா இருக்கு. பால் ஊத்தினா கழுநீர்! அது மட்டுமில்ல, வலைக்குத் தப்பின மாவு மாதிரி தூள் பிளாஸ்க்குக்குள்ள போய் உட்கார்ந்து நாலு மணி நேரமும் ஊறுது. பத்து மணி ரிசல்ட்: கசப்பு.

அடுத்து பேப்பர்ல வடிகட்டுற முறை. 1908-ல ஜெர்மனியில மெலிட்டா பென்ட்ஸுங்கிற அம்மா, பையனோட நோட்டுல இருந்த மை ஒத்துற தாளை எடுத்து, ஓட்டை போட்ட பாத்திரத்துல வெச்சு வடிகட்டிப் பார்த்ததுல பிறந்ததுன்னு சொல்வாங்க. நோட்டும் காலண்டரும் அச்சடிக்கிற எங்க ஊர்ல யாருக்கும் இது தோணாமப் போச்சேன்னு எனக்கு ஒரு வருத்தம்! கறுப்புக் காபியில இதுதான் எனக்குப் பிடிச்சது. அவ்வளவு தெளிவு. ஆனா தண்ணி நல்லா இருக்கணும். எங்க போர்த் தண்ணியில போட்டா வெறும் சப்புன்னு இருக்கு. குடம் கணக்குல வாங்குற நல்ல தண்ணியில போட்டாத்தான் வாசனையே எழுந்திருக்குது. அம்மாவோட தீர்ப்பு: "காய்ச்சல்காரங்களுக்குக் குடுக்கலாம்."

மோக்கா பாட் 1933-ல இத்தாலியில பியலெட்டி கொண்டுவந்தது. கீழே தண்ணி, நடுவுல பொடி, அடுப்புல வெச்சா ஆவி அழுத்தி காபியை மேலே தள்ளும். அஞ்சே நிமிஷத்துல நம்ம டிகாஷனுக்கு அக்கா தங்கச்சி மாதிரி ஒரு சரக்கு! ஜெயிச்சிடும்னுதான் நினைச்சேன். பக்கத்துல பித்தளையில குமிழ் மாதிரி ஒண்ணு இருக்கே, என்னன்னு அம்மா கேட்டாங்க. அழுத்தம் அதிகமானா ஆவியை வெளியேத்துற வால்வுன்னேன். ரெண்டடி பின்னாடி போயிட்டாங்க. "பகல் பூரா பயந்துக்கிட்டுக் கெடக்கேன். வீட்டுலயும் ஒண்ணா? எடுத்து உள்ளே வையி."

வாதாடல. குக்கர்லயும் வால்வு இருக்கேன்னு சொல்லியிருக்கலாம்தான். ஆனா அந்தக் கை நாள் முழுக்க எவ்வளவு கவனமா இருக்குன்னு யோசிச்சா, விடியக்காலை அஞ்சு மணியாச்சும் பயமில்லாம கழியட்டும்னு தோணுச்சு. தவிர, சிக்கரி கலந்த நைஸ் பொடி இதுல சீக்கிரம் அடைச்சுக்கும்.

ஏரோபிரஸ் 2005-ல வந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பு. ஆலன் ஆட்லர்னு ஒருத்தர், தூக்கிப் போட்டு விளையாடுற வளையம் செஞ்சவர்தான் இதையும் செஞ்சார். பெரிய சிரிஞ்ச் மாதிரி இருக்கும். கெட்டியாவும் வரும், ரெண்டே நிமிஷம். ஆனா ஒரு அழுத்தலுக்கு ஒரு ஆள் காபி. அம்மாவோட செட்ல அஞ்சு பேர். விடியக்காலையில அஞ்சு தடவை அழுத்தணும்னா ஜிம்முக்குப் போன மாதிரிதான்!

மூணாம் நாள் ராத்திரி அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. அவங்க செட்ல ஒரு அக்கா பிளாஸ்க்ல வெறும் பாலை மட்டும் கொண்டுவருவாங்களாம். இன்ஸ்டன்ட் பொடியை ஒரு தாள்ல மடிச்சு வெச்சிருந்து, பத்து மணிக்குக் கலந்துக்குவாங்களாம். "வாசனை கம்மிதான். ஆனா அவ காப்பி எங்க காப்பியைவிட நல்லாருக்கும்."

அங்கேதான் பொறி தட்டுச்சு! (எங்க ஊர்ல இந்த வார்த்தையைச் சத்தமாச் சொல்லக் கூடாது.) கெடுக்கிறது கருவி இல்லை, கலந்து வெச்சதுதான். காபியைச் சூடாவே நாலு மணி நேரம் வெச்சிருந்தா அதுல இருக்கிற அமிலப் பொருள்கள் உடைஞ்சு புளிப்பும் கசப்பும் ஏறும். பாலும் வெந்த வாடை அடிக்கும். ரெண்டையும் பிரிச்சுக் கொண்டுபோனா?

அப்போதான் நம்ம பழைய பில்டரோட அருமை புரிஞ்சுது. மேல் பாத்திரத்துல பொடியைப் போட்டு, குடை மாதிரி இருக்கிற அந்தத் தட்டை வெச்சு லேசா அமுக்கி, கொதிநீரை ஊத்தி மூடிட்டுப் போய்த் தூங்கிடலாம். சொட்டுச் சொட்டா ராத்திரி பூரா அதுவே வேலை பார்க்கும். மத்த கருவி எல்லாம் குடிக்கப் போற நேரத்துல காபி போடுது. இது மட்டும் போடுற நேரத்தையும் குடிக்கிற நேரத்தையும் தனித்தனியாப் பிரிச்சு வெச்சிருக்கு. சொந்தக்காரங்க சொல்லாம வந்து நின்னாலும் சமாளிக்கலாம்னு யாரோ ஒரு புண்ணியவான் யோசிச்சது, பயராபீஸுக்கும் பொருந்துது!

இன்னொரு கணக்கும் இருக்கு. ஆறின டிகாஷனைச் சூடான பால்ல ஊத்தினா பால் சூடு இறங்கும். கெட்டி டிகாஷன்னா கொஞ்சம் ஊத்தினாப் போதும், சூடு நிக்கும். பேப்பர் வடிகட்டல் காபின்னா அரை டம்ளர் ஊத்தணும், பச்சத்தண்ணி ஆயிடும்.

நாலாம் நாள் காலை. பிளாஸ்க்ல முதல்ல கொதிநீரை ஊத்தி அஞ்சு நிமிஷம் வெச்சுக் கொட்டினேன். கொதிக்கக் கொதிக்க சர்க்கரை போட்ட பால் உள்ளே போச்சு. முதல் டிகாஷன் மட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவுல. ரெண்டாம் டிகாஷன் அப்பாவுக்கும் எனக்கும். (அப்பா முகத்தைப் பார்க்கணுமே!) கேட்ல போர்மேன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துட்டு, "நமக்குமா?"ன்னு கேட்டாராம்.

சாயங்காலம் வேன் வந்துச்சு. அம்மா நேரா பின்பக்கம் போய்க் குளிச்சு, சேலையைத் தனியாத் துவைக்கப் போட்டுட்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி வீட்ல எதையும் தொட மாட்டாங்க, எங்களையும் தொட மாட்டாங்க. வந்து உட்கார்ந்தவங்க ஒரே வரிதான் சொன்னாங்க: "இன்னைக்கு அஞ்சு பேரும் பேசாமக் குடிச்சோம்யா."

எங்க வீட்ல காபிங்கிறது எப்பவுமே வருமானத்தோட தெர்மாமீட்டர். 2018 அக்டோபர்ல பேரியம் நைட்ரேட் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்துச்சு. அதைத் தொடர்ந்து ஆபீஸ்கள் மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. அப்போ முதல்ல நின்னது பால்தான். அப்புறம் பொடி. கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணிதான் ஓடுச்சு. மறுபடி ஆபீஸ் திறந்த அன்னைக்கு அம்மா பரண்லேர்ந்து பில்டரை இறக்கி, புளி போட்டுத் தேய்ச்சது நல்லா ஞாபகம் இருக்கு. மாசு, வேலை, உயிர்னு மூணு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை அது. டீக்கடையில பேசுற மாதிரி ஒரு வாக்கியத்துல எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியல.

சீனியரோட சாமானை எல்லாம் பத்திரமாத் திருப்பிக் கொடுத்தாச்சு. ஏரோபிரஸ் மேல மட்டும் ஒரு கண்ணு இருக்கு. ரூம்ல தனியா இருக்கிறவனுக்கு அதுதான் சரி. விலை ஆயிரக்கணக்குல. எங்க வீட்டுப் பில்டரோ சில நூறு ரூபாய்ச் சாமான்.

இப்போ புதுப் பிரச்சினை. அம்மா செட்ல அஞ்சு பேர், பக்கத்துச் செட்லேர்ந்து மூணு பேர் சேர்ந்து எட்டு ஆகிடுச்சு. பழைய பில்டர் போதாது. தீபாவளி போனஸ் வந்ததும் பெருசா ஒண்ணு வாங்கணும்னு முடிவாகி, வீட்ல பஞ்சாயத்து நடந்துட்டு இருக்கு. அப்பாவுக்குப் பித்தளைதான் வேணுமாம், கும்பகோணம் ஸ்டைல்ல. பித்தளைன்னா உள்ளே ஈயம் பூசணும், இப்போ எங்க தெருவுக்கு ஈயம் பூசுறவர் வர்றதில்லை, விடியக்காலையில புளி போட்டு யாரு தேய்க்கிறதுன்னு அம்மா கேக்குறாங்க. அம்மா ஓட்டு எவர்சில்வருக்கு. என் ஓட்டும் அதுக்குத்தான்.