காவி கட்டின கிளார்க்!

அக்டோபர், நவம்பர் பிறந்தால் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு கவலை பிறந்துவிடுகிறது. மேப்பிள் மர இலையெல்லாம் ஆரஞ்சு கலருக்கு மாறிவிடுமாம். அந்த மரத்துக்கு மேட்ச்சாக என்ன ஸ்வெட்டர் போடுவது, கழுத்தில் எதைச் சுற்றிக்கொள்வது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். விஷயம் ஒன்றும் பெரிசில்லை. குளிர் வந்ததும் இலையில் இருக்கிற பச்சையம் வடிந்துபோகிறது. அதுவரை அதற்குள் ஒளிந்து கிடந்த கரோட்டின் வெளியே எட்டிப் பார்க்கிறது. கேரட்டுக்குக் கலர் கொடுக்கிறதே, அதே சரக்கு!

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வேலையே கிடையாது. ஐப்பசியில் அடைமழை. முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல். எங்கே திரும்பினாலும் பச்சை. புளியமரம் பச்சை, தென்னை பச்சை, திராட்சைப் பந்தல் பச்சை. மரம் எதுவும் கலர் மாறாது. அதற்குப் பதிலாக மனுஷன் மாறிவிடுவான்!

நம்பிக்கை இல்லையென்றால் கார்த்திகை ஒண்ணாம் தேதி காலையில் தேனி நேரு சிலைப் பக்கம் வந்து நின்று பாருங்கள். முந்தின நாள் வரை கிழிஞ்ச ஜீன்ஸில் திரிந்த பயல்களெல்லாம் குளித்து முழுகி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மணி மாலை, காலில் செருப்பில்லாமல் 'சாமி சரணம்' என்று பவ்யமாகக் கும்பிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் கறுப்பு வேட்டி. கொஞ்சம் பேர் நீலம். மிச்சம் காவி.

நான் காவி கோஷ்டி.

இதில் சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம்தான். பொதுவாக, கன்னிச்சாமி கறுப்பு கட்டுவார், பல வருஷம் மலைக்குப் போய் வந்தவர் காவிக்குப் போவார். கறுப்புக்குச் சொல்லப்படுகிற காரணம் சனீஸ்வரன். எங்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர், குச்சனூரில் இருக்கிறார். அதனால் அந்தக் கலரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டேன். எதுக்கு வம்பு?

ஆனால் காவி எனக்குச் சுலபத்தில் கிடைத்த கலர் இல்லை. நான் நல்ல கறுப்பு. அட்டைக் கறுப்பு என்பார்களே, அது. சின்ன வயசில் தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போனால், கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டில் கை வைக்கவே மாட்டார். "தம்பி கலருக்கு இதெல்லாம் எடுக்காதுக்கா... சிமென்ட் கலர் போட்டா பாந்தமா இருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லுவார். சிமென்ட்! நான் என்ன சுவரா? பத்து தீபாவளி சாம்பல், சிமென்ட், வெளிர் நீலத்திலேயே கழிந்தது. அக்காவுக்கு மட்டும் கனகாம்பரக் கலர் பாவாடை. அவளும் என் கலர்தான். ஆனால் பொம்பளைப் பிள்ளைக்கு எது வேணுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு நியாயம்.

வேலைக்கு வந்து, மாலை போட ஆரம்பித்து, முதல் தடவை காவி வேட்டி கட்டி, துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றவள் அப்படியே பார்த்தாள். "ஏண்டா... இத்தனை வருஷம் நமக்குத் தெரியாமப் போச்சே!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயமே இல்லை. சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டில் செண்டுமல்லியைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதை வெள்ளைச் சாக்கில் பாருங்கள், கரிசல் மண் தரையில் கொட்டிப் பாருங்கள். எதில் பூ எடுப்பாகத் தெரிகிறது? கறுப்புத் தோல்தான் ஆரஞ்சைத் தாங்கிப் பிடிக்கும். சிவந்த தோல்காரர்கள் ஆரஞ்சு போட்டால் உடம்பு எது, சட்டை எது என்று தேட வேண்டியிருக்கும். 'மாநிறத்துக்கு மேல் இருந்தால் ஆரஞ்சு வேண்டாம்' என்று எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ தெரியாது. அவன் நம்ம ஊருக்கு வந்ததே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

காவி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, அதில் ஒரு டஜன் ஜாதி இருக்கிறது. காவிக்கல் கலர், செங்கல் கலர், கனகாம்பரம், செண்டுமல்லி, சிந்தூரம்... கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். கடைக்காரர் ஓடிவந்தால் பயப்படாதீர்கள். பணம் கொடுக்காமல் போகிறீர்கள் என்று நினைத்திருப்பார்.

சட்டை விஷயத்துக்கு வருவோம். வேட்டி, சட்டை, துண்டு மூன்றும் ஒரே காவியாக இருந்தால் ஆபீஸில் ஒருத்தரும் லோன் ஃபார்ம் நீட்ட மாட்டார்கள். கையை நீட்டுவார்கள், ஜோசியம் பார்க்க. எங்க கேஷியர் ஒரு வருஷம் அப்படித்தான் வந்தார். கவுன்ட்டரில் ஒரு பாட்டி, "சாமி, என் மகனுக்கு எப்ப கல்யாணம் நடக்கும்?" என்று கேட்டுவிட்டது. காவி வேட்டிக்கு வெள்ளைச் சட்டை எப்போதும் கைவிடாது. சந்தனக் கலரும் பாந்தம். தைரியம் இருந்தால் கருநீலச் சட்டை போட்டுப் பாருங்கள். ஆரஞ்சுக்கு எதிர்க் கலர் நீலம்தான், ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னொன்று தூக்கும். பச்சைச் சட்டை வேண்டாம். கீழே காவி, மேலே பச்சை, நடுவில் வெள்ளை பனியன் எட்டிப் பார்த்தால் எதிரில் வருகிறவர் சல்யூட் அடிக்க வேண்டியதாகிவிடும்.

பேன்ட்தான் போட வேண்டும் என்கிற ஆபீஸ் என்றால் கறுப்புப் பேன்ட், காவிச் சட்டை. பெல்ட் மட்டும் கவனம். பேன்ட்டுக்கு மெல்லிசாக ஒரு பழுப்பு பெல்ட் போதும். வேட்டிக்கு, நம்ம பக்கத்துப் பெரிசுகள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டை மிஞ்ச ஒன்று கிடையாது. பர்ஸ், பஸ் டிக்கெட், பீரோ சாவி எல்லாம் அதிலேயே அடங்கும். அந்தப் பச்சைக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருக்கிறேன். துண்டை ஒற்றைத் தோளில் நீளமாகத் தொங்கவிட்டால், "எந்தக் கட்சி சார், எந்த வார்டு?" என்று கேட்பார்கள். கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிருக்கும் ஆச்சு. குரங்குக் குல்லா போடுவதும் போடாததும் அவரவர் காதைப் பொறுத்தது.

செருப்பு இல்லாமல் பைக் கிக்கரை உதைப்பது பற்றித் தனியாக ஒரு கட்டுரைதான் எழுத வேண்டும்.

கலர் போட்டதுமே ஆளும் மாறிவிடுகிறான், கவனித்திருக்கிறீர்களா? நம்பியாரை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் பூராவும் சினிமாவில் கையைப் பிசைந்துகொண்டு கதாநாயகியை மிரட்டிய மனுஷர். சபரிமலை சீசன் வந்தால் மகா குருசாமி! 2008 நவம்பரில், கார்த்திகை பிறந்த அதே வாரத்தில்தான் அவர் காலமானார். எங்க ஆபீஸிலும் இதே கதைதான். பத்து மாசம் என்னை 'யோவ்' என்று கூப்பிடுகிற மேனேஜர், மாலை போட்டதும், "சாமி... அந்த ஃபைலை முடிச்சீங்களா சாமி?" என்பார். "இல்லை சாமி" என்பேன். "எப்ப சாமி முடிப்பீங்க?" "நாளைக்கு சாமி." இரண்டு சாமிகளும் சிரித்துக்கொள்வோம். ஃபைல் அப்படியே இருக்கும்.

நான் காவியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது சிரிக்கிற விஷயம் இல்லை.

எங்க கோஷ்டி தேனியிலிருந்து பாதயாத்திரை போகிற கோஷ்டி. வீரபாண்டியில் ஆற்றில் குளியல், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் குமுளி மலை ஏற்றம். பகலில் வெயில், காலில் செருப்பில்லை, தார் ரோடு சுடும். அதனால் நடப்பதெல்லாம் ராத்திரியிலும் விடியக்காலையிலும்தான். சீசனில் அந்த ரோட்டில் வேன், பஸ், காய்கறி லாரி என்று இடைவெளி விடாமல் ஓடும். கூட்டம் அதிகமானால், மலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அப்படிச் செய்யும்போது நெரிசல் குறையும். இறக்கத்தில் வருகிற வேகம் குறையாது.

ஒரு வருஷம், சின்னமனூர் தாண்டி, விடியக்காலை நாலு மணி இருக்கும். கன்னிச்சாமி ஒருத்தன், பத்தொன்பது வயசு. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கறுப்புத் துண்டு. தூக்கக் கலக்கத்தில் ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே நடந்துவிட்டான். பின்னால் வந்த லாரி உரசித் தூக்கி எறிந்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியது சாமி புண்ணியம். டிரைவர் கீழே இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். "சாமி... சத்தியமா ஆள் இருக்கிறதே தெரியலை சாமி." அவர் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பத்தடி பின்னால் நடந்த எனக்கே அவன் இருமுடி மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த வருஷம் மாலை போடுகிற அன்றைக்கு எங்க குருசாமி - தொழில் டெய்லர் - ஒரு கட்டு காவித் துணியோடு வந்து உட்கார்ந்தார். "இனிமே நம்ம கோஷ்டியில கறுப்பு வேணாம்" என்றார். பெரியவர் ஒருத்தர் எழுந்து சண்டைக்கு வந்துவிட்டார். "கன்னிச்சாமி கறுப்புதான் கட்டணும். வழிவழியா வர்ற முறை!"

குருசாமி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "ஐயப்பன் கலர் பார்க்கிறவன் இல்லைங்கய்யா. லாரி டிரைவர் பார்க்கணும்."

பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

டெய்லர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. மேலே விழுகிற வெளிச்சத்தைக் கறுப்புத் துணி அநேகமாக விழுங்கிவிடும். ஆரஞ்சு அதில் நல்ல பங்கைத் திருப்பி அனுப்பும். அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் 1986-ல் வெடித்த பிறகு, விண்வெளி வீரர்களுக்குப் பளிச்சென்று ஆரஞ்சில் ஒரு உடுப்பு கொடுத்தார்கள். கடலில் விழுந்தால் தேடுகிறவன் கண்ணில் படவேண்டுமே! பூசணிக்காய் சூட் என்று அதற்குச் செல்லப்பெயர். அந்த ஊரில் மான் வேட்டைக்குப் போகிறவனும் பளீர் ஆரஞ்சுதான் போட்டுக்கொள்கிறான். மானுக்கு அந்தக் கலர் சரியாகப் பிடிபடாதாம். சக வேட்டைக்காரனுக்குப் பிடிபடும். மானை விட்டுவிட்டு மாமனைச் சுட்டுவிடக் கூடாதல்லவா?

ஆனால் வெறும் காவியை மட்டும் நம்பி நடுரோட்டில் நடக்காதீர்கள். பகலில் அதற்கு இருக்கிற மவுசு ராத்திரியில் பாதிதான். ஹெட்லைட் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர் இருக்கிறதே, போலீஸ்காரர்கள் சீசனில் ஜோல்னா பையில் ஒட்டிவிடுகிறார்களே, அதுதான் ராத்திரிக்கு அசல் நகை. எங்க குருசாமி அதைப் பட்டையாக வாங்கி, துண்டின் இரண்டு முனையிலும் பார்டர் மாதிரி தைத்துக் கொடுக்கிறார். பார்க்க ஜரிகை மாதிரியே இருக்கும். கையில் டார்ச், எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஒற்றை வரிசை. இது எங்க கோஷ்டி சட்டம். அந்தப் பையன் இப்போது கல்யாணமாகி, செல்போன் கடை வைத்திருக்கிறான். லேசாகத் தாங்கித் தாங்கி நடப்பான். கார்த்திகை பிறந்தால் முதல் துண்டு அவனுக்குத்தான்.

ராசி பார்க்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "2019 வேர்ல்டு கப்பில் இங்கிலாந்தோடு ஆரஞ்சு ஜெர்சி போட்டுத்தானே தோற்றோம்?" ஆமாம், 31 ரன்னில் தோற்றோம். 338 ரன் எடுக்க வேண்டிய மேட்சில் ஜெர்சி என்ன சார் பண்ணும்?

கடைசியாகத் துவைக்கிற விஷயம். புதுக் காவியை முதல் நாளே மற்ற துணிகளோடு ஊறப்போட்டால், வீட்டில் உள்ள எல்லா பனியனும் துறவறம் வாங்கிக்கொள்ளும். சும்மா பச்சைத் தண்ணீரில் தனியாக இரண்டு மூன்று தடவை அலசுங்கள். தண்ணீர் தெளிகிற வரைக்கும் அது தனி பக்கெட்டில் இருக்கட்டும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். அந்தக் காலத்துச் சாமியார்கள் நிஜமான காவிக்கல்லை அரைத்துக் கரைத்து முக்குவார்கள். அது இரும்புச் சத்துள்ள மண். துணியோடு ஒட்டி உறவாடாது. வெளுக்க வெளுக்க மறுபடி முக்க வேண்டியதுதான். இப்போது வருவது மில் சாயம். ஆனாலும் 41 நாள் விடாமல் துவைத்தால் அதுவும் கொஞ்சம் சாந்தமாகி, ஒரு மாதிரி பழுத்த பப்பாளிக் கலருக்கு வரும். என்னைக் கேட்டால் அந்தக் கலர்தான் இருப்பதிலேயே அழகு.

மலை இறங்கி மாலையைக் கழற்றினதும், அந்த வேட்டியைப் பத்திரமாக மடித்து பீரோவில் வைப்பேன். போன தை மாசம் தேடினேன், காணோம். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தொட்டில் கட்ட அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். போய்ப் பார்த்தேன். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு பயல், பழுத்த பப்பாளிக் கலருக்கு நடுவில் ராஜா மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான்.