ரீயூனியன்: ஆண்டு எழுதிய பாறைகள்

ரீயூனியன் தீவு மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குத் தென்மேற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது; பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். தீவு முழுவதுமே இரண்டு எரிமலைகள் கொட்டிய பாறைதான். 3,070 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் தெ நேழ் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. தென்கிழக்கில் உள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. தீவில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி 2007 மார்ச்சில் தேசியப் பூங்கா ஆனது. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

இந்தத் தீவுக்கும் இந்தியாவுக்கும் பழைய உறவு உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைப் பாறைகளை அடுக்கடுக்காகக் கொட்டிய அதே வெப்பம்தான், இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்துவிட்ட பிறகு, கடலடியிலிருந்து ரீயூனியனை எழுப்பியது என்பது புவியியலாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து.

ஃபூர்னேஸ் எரிமலைக்குப் போகும் சாலை பூர்க்-முரா என்ற மலையூரிலிருந்து ஏறுகிறது. எரிமலை ஆய்வகம் இங்கேதான் உள்ளது. மேய்ச்சல் நிலங்கள் மெல்ல மறைந்து, புல்கூட அரிதான செம்பழுப்பு மணல்வெளி விரிகிறது. சாலை முடியும் பெல்கோம்ப் கணவாயில் செங்குத்தான பாறைச்சுவர் கீழே இறங்குகிறது. அடியில் பல கிலோமீட்டர் அகலமுள்ள கருந்தரை. நடுவில் எரிமலைக் கூம்பு. படிகளில் இறங்கிய பின், பாறையில் இட்ட வெள்ளைப் புள்ளிகளே வழிகாட்டி. மூடுபனி இறங்கினால் அடுத்த புள்ளி தெரிவதே பாடாகிவிடும். கயிற்றைத் திரித்துப் போட்டது போல் முறுக்கிய குழம்பு சில இடங்களில் அப்படியே உறைந்திருக்கிறது; உடைந்த துண்டுகளில் ஒலிவைன் படிகங்கள் பச்சையாக மின்னுகின்றன. வெடிப்புக்கான அறிகுறி தெரிந்ததும் அரசு இந்தப் பாதையை மூடிவிடும்.

பூங்கா அறிவிக்கப்பட்ட மறுமாதமே, 2007 ஏப்ரலில், எரிமலை பெருஞ்சீற்றம் கொண்டது. உச்சியிலிருந்த தொலோமியூ வாய் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்தது. நெய்வேலிச் சுரங்க விளிம்பில் நின்று கீழே பார்த்தவர்கள் அந்த ஆழத்தை ஓரளவு ஊகிக்கலாம். இது அதையும் விஞ்சியது. தீக்குழம்பு கடற்கரைச் சாலையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்து புது நிலமாயிற்று. பல ஆண்டுகள் கழித்தும் மழை பெய்தால் அந்தப் பாறையிலிருந்து ஆவி கிளம்பியது.

பூங்காவின் அருமை இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் முழுதாகப் புரிகிறது. ஒவ்வொரு குழம்போட்டமும் எந்த ஆண்டில் வந்தது என்று சாலையோரப் பலகைகள் சொல்கின்றன. இளம் பாறையில் வெளிர்சாம்பல் நிறப் பாசிக்காளான் மட்டும் படிந்திருக்கிறது. சற்றுப் பழையதில் விரிசல்தோறும் பெரணி. இன்னும் பழையதில் புதரும் மரமும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஒரு காடு புதைந்து எஞ்சியது. இங்கோ வெறும் பாறை காடாவதை ஆண்டு வாரியாகவே பார்க்க முடிகிறது. காக்கப்பட வேண்டியது இந்த வளர்ச்சியே.

அதைக் கெடுப்பவை வெளியிலிருந்து வந்த செடிகள். கடலூர் மாவட்டத்து விவசாயிக்குக் காசு தரும் அதே சவுக்கு, இங்கே தாழ்வான குழம்புப் பாறைகளில் முந்திக்கொண்டு வேரூன்றி, உள்ளூர்ச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. ஈரமான சரிவுகளை ஒருவகைச் சிறு கொய்யா அடைத்துக்கொள்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத துய்-துய் பறவையின் கூடுகளை எலிகள் சூறையாடுகின்றன.

சாலையோரம் கரும்புத் தோட்டங்களும் சிறு அம்மன் கோயில்களும் தென்படுகின்றன. 1848இல் அடிமை முறை ஒழிந்த பின் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்திரளான தமிழர்கள் இங்கு வந்தனர். தென்னார்க்காட்டுக் கிராமங்களைப் போலவே திரௌபதிக்கு இன்றும் தீமிதி நடக்கிறது. இதே சாலையில், செயின்ட் ரோஸ் பக்கம் 1977இல் ஊருக்குள் புகுந்த குழம்பு வீடுகளை எரித்தது. மாதா கோயிலின் வாசல்வரை வந்து, இரண்டாகப் பிரிந்து விலகிப் போனது. அந்த நிகழ்வின் விளைவாகவே 1979இல் எரிமலை ஆய்வகம் அமைந்தது.

மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. நடப்பதற்கு ஏற்ற காலம். மற்ற மாதங்களில் புயல் மழை கொட்டும். 2007 பிப்ரவரியில் கமீத் புயலின்போது எரிமலைச் சாலையருகே உள்ள கொம்மெர்சோன் பகுதியில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, உலகச் சாதனை. கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் எந்தப் பருவத்திலும் வேண்டும். உச்சிக்கு விடியலிலேயே கிளம்பினால்தான் மேகம் மூடுவதற்குள் திரும்பலாம்.