ஆறு மாதச் சிறை எதற்கு?

2012 ஏப்ரல் 7. லண்டன் தேம்ஸ் நதியில் ஆக்ஸ்போர்டு - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி. 1829-இல் தொடங்கிய பந்தயம், டிவியில் நேரலை. பாதி தூரம் தாண்டியதும் படகுகளுக்கு முன்னால் தண்ணீரில் ஒரு தலை! துடுப்புகள் அதை ஒட்டினாற்போல் போகின்றன. நெஞ்சு பதறும் காட்சி அது. மேட்டுக்குடித்தனத்தை எதிர்த்துக் குதித்ததாகச் சொன்னார் ஆஸ்திரேலியரான ட்ரென்டன் ஓல்ட்ஃபீல்ட்.

அரை மணி நேரம் போட்டி நின்றது. மறுபடி தொடங்கியதும் படகுகள் உரசி ஆக்ஸ்போர்டின் துடுப்பு ஒன்று முறிந்தது. கேம்பிரிட்ஜ் ஜெயித்தது. ஆக்ஸ்போர்டு வீரர் ஒருவர் கடைசியில் மயங்கிச் சரிந்தார். மாதக்கணக்காக உடம்பை வருத்திப் பயிற்சி எடுத்த பிள்ளைகள்! அவர்கள் கோபம் நூறு சதவீதம் நியாயம். ஓல்ட்ஃபீல்ட் செய்தது தப்பு, ஆபத்தும்கூட.

அதற்காக ஆறு மாதச் சிறையா? அதோடு விடாமல் உள்துறை நாடு கடத்தவும் பார்த்தது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. யாரும் சாகவில்லை, யாரையும் அவர் அடிக்கவில்லை. அவரை அனுப்பக் கூடாதென்று அதே ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் பலர் கையெழுத்துப் போட்டார்கள். 2013 டிசம்பரில் மேல்முறையீட்டில் ஜெயித்து அங்கேயே தங்கினார்.