பெண்ணுக்கு எந்திரப் படிப்பா?

ஏலூர்த் தமிழருக்கு எந்திரம் புதிதன்று. சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 1943இல் தோன்றிய ‘ஃபாக்ட்’ உரத் தொழிற்சாலை நம் வாயிலிலேயே நிற்கிறது. ஆயினும், என் அண்ணன் மகள் இயந்திரப் பொறியியல் பயில விரும்பியபோது, “பெண்ணுக்கு எண்ணெயும் கரியும் எதற்கு?” என்றனர் வீட்டுப் பெரியோர்.

மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வே குமாஸ்தாவான நான் மறுத்துரைத்தேன். வெப்பம், விசை, உலோகத்தின் வலிமை ஆகியவற்றைக் கற்று, பம்புகளும் கொதிகலன்களும் பழுதின்றி ஓடக் கணக்கிடுவதே அப்படிப்பு. உரத் தொழிற்சாலை, கொச்சிக் கப்பல் கட்டும் தளம், ரயில்வே பணிமனை யாவற்றுக்கும் அத்தகையோர் தேவை. பெண்ணுக்கு இயலுமோ எனில், கிண்டியில் கட்டடப் பொறியியல் பயின்ற பி. கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

அண்ணன் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். கட்டணத்தில் பாதியை நான் ஏற்றேன். அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெண் கேட்டாலும் தடை சொல்லாதீர்கள்.